தெரியுதா என்று கேட்கக் கூடாது

அன்றைக்கு அந்த அறையில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். நீளக் கட்டிலில் ரகுமத்து. அவள் தலைமாட்டில் அவள் மகள் ஜன்னத்து. கட்டிலுக்கு இந்தப் பக்கம் குனிந்து நின்ற டாக்டர். கால்மாட்டில் ரோசலின் சிஸ்டர். சிஸ்டருக்குப் பக்கத்தில் முக்காலியில் நான். கதவில் பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாக ரகுமத்தின் வீட்டுக்காரர். ஆறு பேர். ரகுமத்தைத் தவிர அஞ்சு பேரும் அவளுடைய வலது பாதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாதத்துக்கு அடியில், ரெண்டாவது விரல் தொடங்குகிற இடத்தில் ஒரு கறுப்புப் புள்ளி. மிளகு அளவு. சுற்றிலும் தோல் வெளுத்துத் தடித்திருந்தது. டாக்டர் இடுக்கியால் பிடித்து இழுத்தார். வந்தது. தகரத் துண்டு. பீடி இலையை அளவாக வெட்டுவதற்கு ஒரு தகடு வைத்திருப்பார்களே, அதன் உடைந்த முனை. சுண்டுவிரல் நகம் அளவு இருக்கும். அதற்குப் பின்னாலேயே சீழ் வந்தது.

ரகுமத்து தலையைத் தூக்கினாள்.

"என்ன டாக்டரய்யா, எப்பம் எடுப்பிய? சொல்லிட்டு எடுங்க, பல்லக் கடிச்சிக்கிடுதேன்."

டாக்டர் தகரத்தைத் தட்டில் போட்டார். டிங் என்று சத்தம் கேட்டது.

மூன்று மாதச் செக்கப்புக்கு வந்தவள் அவள். காலில் ஒரு குறையும் இல்லை என்றுதான் கட்டிலில் ஏறிப் படுத்தாள். கால் துடைக்கும்போது நான்தான் புள்ளியைப் பார்த்தேன். டாக்டரைக் கூப்பிட்டேன். இப்போது சிஸ்டர் அவளுடைய சர்க்கரை நோட்டை எடுத்துப் போன செக்கப்பின் பக்கத்தைத் திருப்பினார். திருப்பி என் மடியில் வைத்தார். 'வலது பத்துக்குப் பத்து, இடது பத்துக்குப் பத்து. மரத்துப்போதல் இல்லை.' கீழே பேச்சியம்மாள் என்று என் கையெழுத்து.

இதை இப்போது எழுதக் காரணம் ஒரு மிஷின். நான் ஓய்வு பெறப் பத்து நாள் இருக்கும்போது எங்கள் ஆஸ்பத்திரிக்குக் காலைச் சோதிக்கிற மிஷின் வந்தது. பாதத்தில் வைத்தால் அதிரும். எந்த அளவில் அதிர்வு தெரிகிறது என்று நோயாளி சொல்ல வேண்டும். நம்பர் கம்ப்யூட்டரில் ஏறிவிடும். நல்ல மிஷின். புது நர்ஸ் கலா முதல் ஆளுக்கு வைத்தாள். வைத்துக்கொண்டே, "தெரியுதாம்மா?" என்று கேட்டாள். "தெரியுதும்மா" என்றார் அந்த அம்மா. நம்பர் ஏறியது. நான் போய் மிஷினைக் கையால் மூடினேன். "கேக்காத பிள்ள" என்றேன். ஏன் என்று கேட்டாள். அப்போது சொல்ல நேரமில்லை. எழுதித் தாருங்கள் அக்கா என்றாள். எட்டாம் வகுப்பு வரைக்கும்தான் படித்திருக்கிறேன். தெரிந்த அளவுக்கு எழுதுகிறேன்.

வேலைக்குச் சேர்ந்தபோது எனக்குக் கொடுத்தது ஒரு வாளி, ஒரு துடைப்பம். ஆறு வருஷம் பெருக்கினேன், துடைத்தேன், கட்டில் தள்ளினேன். பிறகு சர்க்கரைப் பிரிவு தனியாக வந்தது. செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமை செக்கப். நர்ஸ் போதவில்லை. ரோசலின் சிஸ்டர் என் கையைத் திருப்பிப் பார்த்தார். "நகம் வெட்டியிருக்க. நீ வா" என்றார். அவ்வளவுதான் எனக்கு நடந்த இன்டர்வியூ.

செக்கப் என்றால் பயந்துபோய் வருகிறவர்கள் உண்டு. பயப்பட ஒன்றுமில்லை. காலையில் வெறும் வயிற்றோடு வரவேண்டும். எடை பார்ப்பார்கள், பிரஷர் பார்ப்பார்கள். ஒரு தடவை ரத்தம் எடுப்பார்கள். பிறகு சாப்பிட வேண்டும். முதல் வாய் வைத்த நேரத்திலிருந்து ரெண்டு மணி நேரம் கழித்து இன்னொரு தடவை. அந்த ரத்தத்திலேயே மூணு மாசச் சர்க்கரையும் பார்ப்பார்கள். கிட்னிக்காகச் சிறுநீர். வருஷத்துக்கு ஒரு தடவை கண். ஒவ்வொரு தடவையும் கால்.

இதில் எல்லா இடத்திலும் ஜனங்கள் ஏமாற்றப் பார்ப்பார்கள். யாரை ஏமாற்றுகிறார்கள் என்று எனக்குப் புரிந்ததே இல்லை. வீட்டில் எட்டு இட்லி தின்கிறவர் செவ்வாய்க்கிழமை மட்டும் கேட் வாசலில் ரெண்டு இட்லி வாங்கித் தின்பார். சிஸ்டர் பார்த்துவிட்டால் விடமாட்டார்.

"அண்ணாச்சி, வீட்டுல எத்தன?"

"ரெண்டுதான் சிஸ்டர்."

"அந்த வயித்துக்கு ரெண்டா? இன்னும் ஆறு வாங்கித் தின்னுட்டு வாங்க. நான் எட்டு இட்லிக்குத்தான் மாத்திர குடுக்கணும்."

சுற்றி நிற்கிறவர்கள் சிரிப்பார்கள். சிஸ்டர் சிரிக்கமாட்டார். கடற்கரை ஊர்க்காரர் அவர். வள்ளத்துக்காரர் மகள். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. ஒரு தடவை சொல்வார். ரெண்டாவது தடவை பார்ப்பார். அந்தப் பார்வைக்கு டாக்டரே எழுந்து நிற்பார்.

கால் சோதனையை அவர்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தார். ஒரு பிடியில் நைலான் நரம்பு ஒன்று இருக்கும். தூண்டில் நரம்பு மாதிரி. அதைப் பாதத்தில் நேராக வைத்து, அது வளைகிற மட்டும் அழுத்தி எடுக்க வேண்டும். இழுக்கக் கூடாது, தடவக் கூடாது. ஒரு காலுக்குப் பத்து இடம். பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல், அவற்றுக்கு நேர் கீழே மூன்று இடம், பாதத்தின் நடுவில் ரெண்டு, குதிங்கால், மேல்பாதம். காய்ப்பு இருந்தால் அதை விட்டுப் பக்கத்தில் வைக்க வேண்டும். நோயாளி கண்ணை மூடியிருக்க வேண்டும். பட்டதும் அவராகச் சொல்ல வேண்டும். சோதிக்கிறவள் வாயைத் திறக்கக் கூடாது.

ஒரு வாரம் என்னைப் படுக்கவைத்து என் காலிலேயே செய்து காட்டினார். கண்ணை மூடிக்கொண்டு "தெரியுது, தெரியுது" என்று சொல்லிக்கொண்டே வந்தேன். நடுவில் ஒரு தடவை தெரியுது என்றதும், "கண்ணத் திற" என்றார். நரம்பு என் காலிலிருந்து ஒரு முழம் தள்ளி இருந்தது.

"தொடவே இல்லையே பிள்ள. எங்க தெரிஞ்சி?"

எழுந்து உட்கார்ந்தேன்.

"பத்து தரம் சரியாச் சொல்லணும்னு நினைச்ச. எல்லாரும் அப்பிடித்தான். அதனால நடுவுல ஒருக்கா சும்மா இரு. அப்பமும் தெரியுதுன்னு சொன்னா, அந்தக் காலோட கணக்க நம்பாத. பெறகு, கேக்காத. வலையப் போட்டுட்டு மீனே வந்தியா மீனே வந்தியான்னு கேட்டுக்கிட்டா இருப்பாவ? பேசாம இருக்கணும்."

பேசாமல் இருப்பது எனக்குச் சுலபம் என்று நினைத்தேன். எங்கள் வீட்டில் நான்தான் பேச்சில்லாதவள்.

இனி அந்த முந்தின செக்கப். நோன்புக்கு முந்தின செவ்வாய்க்கிழமை அது. நோன்பு வருகிறதென்றால் மேலப்பாளையத்துக்காரர்கள் மொத்தமாக வந்துவிடுவார்கள். மாத்திரையை எந்த நேரத்துக்கு மாற்றிப் போடுவது என்று கேட்டுக்கொள்ள வேண்டும். வரிசை கேட் வரை போயிற்று. ரெண்டு நர்ஸ் லீவு. சிஸ்டர் ரத்தம் எடுக்கப் போய்விட்டார். கால் எல்லாம் என் தலையில்.

ரகுமத்து பீடி சுற்றுகிறவள். அப்போது அவளுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். வாய் ஓயாது. ஏறிப் படுக்கும்போதே, "யக்கா, சட்டுபுட்டுன்னு முடிங்க. ஆயிரத்துல பாதிகூட சுத்தல. சாயங்காலம் கடைக்குக் குடுக்கணும்" என்றாள்.

நோட்டில் முதல் கேள்வி, கால் மரத்துப்போகிறதா. கேட்டேன்.

"பீடி சுத்துத காலு மரத்துப் போகாம என்ன செய்யும்? காலையில சம்மணம் போட்டு மடியில தட்ட வச்சா மத்தியானம் லுகர் தொழுகைக்குத்தான் எந்திக்கோம். எங்க தெருவுல அம்புட்டுப் பொம்பளயும் மரத்த காலுதான். எந்திச்சி ரெண்டு உதறு உதறுனா சரியாப் போவும்."

நானும் சிரித்தேன். தொழில் அப்படி என்று நினைத்தேன். 'இல்லை' என்று எழுதினேன்.

நரம்பை வைத்தேன். அவள் சொல்லவில்லை. வெளியே வரிசை கத்துகிறது. "தெரியுதா?" என்று கேட்டேன். "தெரியுது யக்கா" என்றாள். அடுத்த இடம். "தெரியுதா?" "தெரியுது." பத்து இடம். மற்றக் காலுக்கும் பத்து. நடுவில் சும்மா இருக்கவில்லை. கண்ணை மூடினாளா என்றுகூடப் பார்க்கவில்லை. எழுதிக் கையெழுத்துப் போட்டு இறக்கிவிட்டேன். கண் சோதனைக்கும் அவள் போகவில்லை. கண்ணில் சொட்டு மருந்து விட்டால் நாலைந்து மணி நேரம் கிட்டத்தில் இருப்பது மங்கும், பீடி நூல் தெரியாது. அடுத்த தடவை என்றாள். சரி என்றேன்.

இனி அந்த ஆறு பேர் இருந்த அறைக்கு வருகிறேன்.

நோட்டு என் மடியில் இருந்தது. சிஸ்டர் நரம்பை என் கையில் தந்தார். ரகுமத்தின் கண்மேல் சின்னத் துண்டைப் போட்டார். "பட்டதும் நீங்களாச் சொல்லுங்க" என்று அவளிடம் சொன்னார். பிறகு வாயை மூடிக்கொண்டார்.

பெருவிரலில் வைத்தேன். சத்தமில்லை. நடுவிரல். சத்தமில்லை. சுண்டுவிரல், சத்தமில்லை. அடிப்பாதம் மூன்று இடமும் அப்படியே. புண்ணை விட்டுத் தள்ளித்தான் வைத்தேன். நடுப்பாதமும் இல்லை. குதிங்காலில் வைத்தபோது, "இங்கன" என்றாள். மேல்பாதத்தில் "இங்கன" என்றாள். பத்துக்கு ரெண்டு. நரம்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்தேன். கொஞ்ச நேரம் போயிற்று.

"தெரியுது யக்கா" என்றாள்.

கதவில் நின்ற அவள் வீட்டுக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சிஸ்டர் என்னிடம் மெதுவாகக் கேட்டார். "போன தடவ என்ன செஞ்ச?"

"கேட்டேன் சிஸ்டர்."

"என்னன்னு?"

"தெரியுதான்னு."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

டாக்டர் படம் எடுத்துப் பார்த்தார். சீழ் ரெண்டாவது விரல் எலும்புக்குப் போயிருந்தது. விரலை எடுக்க வேண்டும் என்றார். அதோடு நின்றால் நல்லது, புண் ஆறாவிட்டால் பாதத்தில் பாதி, அதற்கு மேலும் போகலாம் என்று கையால் தன் முழங்காலுக்குக் கீழே ஒரு கோடு போட்டுக் காட்டினார்.

அப்போதுதான் ரகுமத்து எழுந்து உட்கார்ந்தாள். அழவில்லை.

"அங்கன வரைக்கும் எடுத்தா சம்மணம் எப்பிடிப் போடுவேன்? தட்ட எங்கன வைப்பேன்?"

அவள் வீட்டுக்காரர் கைலியால் கண்ணைத் துடைத்தார். அவருக்கு மூச்சிரைப்பு. ரெண்டு வருஷமாக வேலைக்குப் போகவில்லை. ஜன்னத்து கல்லூரியில் சேர்ந்த புதுசு. அந்த வீடு ரகுமத்தின் மடியில் இருந்த தட்டின்மேல் நின்றது. எல்லோருக்கும் தெரியும்.

பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பும் முன்னால் நான் அவளிடம் தனியாகச் சொன்னேன். "போன தடவ நான் ஒழுங்காப் பாக்கல. கேட்டுக் கேட்டு எழுதிட்டேன். அப்பமே உணர்ச்சி போனது தெரிஞ்சிருந்தா, கால எப்பிடிக் காப்பாத்தணும்னு சொல்லி அனுப்பியிருப்பாவ. அது என் தப்பு."

அவள் என்னைப் பார்த்தாள்.

"நீங்க கேட்டிய. நான் பொய் சொன்னேன். ரெண்டு பேருக்கும் அவசரம்." பிறகு, "இன்னமே அவசரப்படாதிய யக்கா" என்றாள்.

அன்றைக்கு முடிவு செய்தேன். ஒரு விரலோடு இது நிற்க வேண்டும். 

விரலை எடுத்தார்கள். பதினோரு நாள் கழித்து எங்கள் ஆஸ்பத்திரிக்குத் தினக் கட்டுக்கு வந்தாள். கட்டுப்போட வேறு ஆள் உண்டு. நான் சிஸ்டரிடம் கேட்டேன், இவளுக்கு நான் போடுகிறேன் என்று. அவர் முதல் மூன்று நாள் பக்கத்தில் நின்றார். உப்புத் தண்ணீரில் கழுவுவது, செத்த தோலை டாக்டர் வெட்டினால் பிடித்துக்கொள்வது, ஈரம் போக ஒற்றுவது, துணியை இறுக்காமல் சுற்றுவது. நாலாவது நாள் அவர் வேறு வேலைக்குப் போய்விட்டார்.

இருபது நாள் புண் நன்றாக வந்தது. சிவப்பாக, பொடிப் பொடியாகச் சதை வந்தது. பிறகு நின்றது. ஓரம் கறுத்தது. டாக்டர் பார்த்தார். "கால ஊனக் கூடாதுன்னு சொன்னேனே. ஊனுறாங்களா?" என்று கேட்டார். இல்லவே இல்லை என்று ரகுமத்து சத்தியம் செய்யாத குறை. டாக்டர் மறுபடியும் முழங்காலுக்குக் கீழே கோடு போட்டார். ஒரு வாரம் பார்ப்போம் என்றார்.

நான் அன்றைக்கு வேலை முடிந்து வீட்டுக்குப் போகவில்லை. பஸ் ஏறி மேலப்பாளையம் போனேன். தெருவில் கேட்டு அவள் வீட்டைக் கண்டுபிடித்தேன். கதவைத் தட்டவில்லை. தட்டியிருந்தால் அவள் எழுந்திருப்பாள். திறந்துதான் கிடந்தது, உள்ளே போனேன்.

தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் தட்டு. கட்டுப்போட்ட கால் இடது தொடைக்கு அடியில் நசுங்கிக் கிடந்தது. சுற்றி இன்னும் நாலு பெண்கள், நாலு தட்டு.

"யம்மா!" என்றாள். பீடி கையிலேயே நின்றது.

"எத்தன நாளா?"

"இன்னிக்குத்தான் யக்கா."

நான் பேசவில்லை. நின்றேன். சிஸ்டர் எனக்குக் கற்றுக்கொடுத்தது அதுதான். பக்கத்தில் இருந்த பெண் தாங்கமாட்டாமல், "எட்டு நாளா சுத்துதா" என்று சொல்லிவிட்டாள்.

"ஏளா, உன் வாயில மண்ணப் போட" என்றாள் ரகுமத்து.

"அவ வாயில எதுக்கு? உனக்கு வலிக்கலேல்லா?"

"வலிக்கல யக்கா. வலிச்சா நான் வச்சிருப்பனா?"

"அதான் உன் சீக்கே. வலிக்காது. தகரம் இருந்துச்சி, வலிச்சிதா? நாளைக்கு வெட்டும்போதும் மரத்துப்போக ஊசி போடாமலே வெட்டலாம். அப்பிடி ஒரு காலு உனக்கு."

இவ்வளவு நீளமாக நான் யாரிடமும் பேசியதில்லை. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். பீடியை நூல் சுற்றி முடித்துத் தட்டில் வைத்தாள். பாதியில் விட அவளுக்கு மனம் வரவில்லை.

"சுத்தாம முடியாது யக்கா."

"சுத்த வேண்டாம்னு சொன்னனா? சம்மணம் வேண்டாம்."

சம்மணம் இல்லாமல் பீடி எப்படிச் சுற்றுவது என்று நாலு பேரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள். தட்டு நிற்காது, தூள் சிந்தும், கை ஓடாது என்றார்கள். நான் அந்த வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். கை வைத்த ஒரு பிளாஸ்டிக் நாற்காலி இருந்தது. ஜன்னத்து எழுதுகிற பலகை இருந்தது. அவளை நாற்காலியில் தூக்கி உட்காரவைத்தோம். இன்னொரு நாற்காலியில் தலையணை போட்டுக் காலை நீட்டி, குதிங்கால் படாமல் வைத்தோம். நாற்காலியின் ரெண்டு கைமேலும் பலகை. பலகைமேல் தட்டு.

"கல்யாணப் பொண்ணு மாதிரில்லா இருக்க" என்றாள் ஒருத்தி.

"கலெக்டர் மாதிரி இருக்கேன். மனு இருந்தா குடுங்களா" என்றாள் ரகுமத்து.

முதல் நாள் ஆயிரம் சுற்ற வேண்டிய இடத்தில் இருநூறு. எனக்குத் தெரியும், ஏனென்றால் நான் தினமும் போனேன். ஆஸ்பத்திரியில் கட்டு, சாயங்காலம் அவள் வீடு. நாற்காலியில் இருக்கிறாளா என்று வாசலிலிருந்தே பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவேன். சில நாள் தெருமுனையிலேயே ஒரு பெண், "இருக்கா, இருக்கா. நீங்க போங்க" என்பாள். நம்பமாட்டேன். போய்ப் பார்ப்பேன். ஆறாம் நாள் கறுப்பு நின்றது. ஏழாம் நாள் டாக்டர் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் இன்னொரு வாரம் என்று எழுதினார். அடுத்த மாசம் அறுநூறுக்குக் கை ஓடியது. கட்டு முழுக்க அவிழ அறுபத்து மூன்று நாள் ஆயிற்று.

அடிப்பாகம் மெத்தென்று இருக்கிற சர்க்கரைச் செருப்பு வாங்கினாள். வீட்டுக்குள்ளேயும் அதுதான். போடும் முன்னால் செருப்புக்குள் கையை விட்டுப் பார்க்க வேண்டும். கல், ஆணி, தகரம் எதுவும் காலுக்குத் தெரியாது, கைக்குத் தெரியும். படுக்கப் போகும் முன்னால் உள்ளங்காலைக் கண்ணாடியில் பார்க்க வேண்டும். கண் மங்கினால் மகள் பார்க்க வேண்டும். இவற்றை அவள் செய்தாள். கண்ணுக்கும் சொட்டு மருந்து விட்டுக்கொண்டாள். அந்த நாளுக்கு வேண்டிய பீடியை முதல் நாளே சுற்றிவிட்டு வந்தாள்.

பீடித் தெருவிலிருந்து யார் வந்தாலும் அதற்குப் பிறகு நான் மரத்துப்போகிறதா என்று மட்டும் கேட்டு நிறுத்துவதில்லை. எந்திரிச்சி உதறின பிறகும் மரத்தே இருக்கா என்று கேட்பேன். அது ஒன்றுதான் நான் கேட்கிற கேள்வி. நரம்பைக் கையில் எடுத்துவிட்டால் பேச்சு இல்லை. வரிசை கேட் வரை நிற்கட்டும். கத்தட்டும். டாக்டர் வந்து நிற்கட்டும். ஒரு காலுக்குப் பத்து இடம், நடுவில் ஒரு தடவை சும்மா. ரோசலின் சிஸ்டர் ஓய்வு பெற்றுப் போகிற அன்றைக்கு என் பின்னால் வந்து நின்று ஒரு கால் முடிகிற வரை பார்த்தார். பார்த்துவிட்டுப் போய்விட்டார். நல்லது என்றுகூடச் சொல்லவில்லை. எனக்கு அது போதும்.

கலா, மிஷின் நல்ல மிஷின்தான். அது கேட்பதில்லை. பக்கத்தில் நிற்கிற நீ கேட்காமல் இருக்க வேண்டும்.

என் கடைசிச் செவ்வாய்க்கிழமை ரகுமத்து வந்திருந்தாள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, ஒரு தடவையும் தவறாமல் ஒன்பது வருஷமாக வருகிறாள். கேட் வாசலில் நாலு இட்லி தின்றாள், வீட்டிலும் நாலுதான். ரத்தம் கொடுத்தாள். கட்டிலில் ஏறிப் படுத்தாள். துண்டை அவளாகவே எடுத்துக் கண்மேல் போட்டுக்கொண்டாள். செருப்புக்குள் நான் கையை விட்டுப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. விரலிடுக்கு எல்லாம் துடைத்தேன். ஈரம் இல்லை, வெடிப்பு இல்லை.

"எண்ணுங்க யக்கா" என்றாள். ஒவ்வொரு தடவையும் அவள் சொல்கிறதுதான். "வர்ற வழியில பஸ்ஸுல எதயாச்சும் விட்டுட்டு வந்துட்டனான்னு பாருங்க."

கலாவும் பக்கத்தில் நின்றாள். இடது சுண்டுவிரலில் தொடங்கி ஒவ்வொன்றாகத் தொட்டு, சத்தமாக எண்ணினேன்.

ஒன்பது.